இன்டருக்குத் திருத்தணி போகலாமா?

கேள்வி: டாக்டர் அம்மா, சித்தூர் மாவட்டம் நகரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கிறேன். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தார் சுற்றுகிறார். எனக்கு எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். போன வருடம் எங்கள் பாட்டிக்குச் சர்க்கரையால் கால் விரலில் புண் வந்து, கவனிக்காமல் விட்டு, கடைசியில் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

இன்டர் (பிளஸ் ஒன், பிளஸ் டூ) படிக்க நான் சேரக்கூடிய ஜூனியர் கல்லூரியில் பைபிசி (உயிரியல், இயற்பியல், வேதியியல்) குரூப் இங்கிலீஷ் மீடியத்தில்தான் இருக்கிறது. திருத்தணியில் அத்தை வீடு இருக்கிறது. அங்கே தங்கிக்கொண்டு அரசுப் பள்ளியில் தமிழிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்துவிடு, தமிழ்நாட்டில் 7.5 சதவீத இடமும் கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘அனைவருக்கும் சமமான கல்வி’ என்ற தலைப்பில் பள்ளியில் பேசி முதல் பரிசு வாங்கினேன். ஆனால் பேசியதை நானே நம்புகிறேனா என்று தெரியவில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணை விடுதியோடு சேர்ந்த பெரிய கோச்சிங் கல்லூரியில் சேர்க்கப் போகிறார்கள். வருடத்துக்கு லட்சக்கணக்கில் செலவாம். அவளும் நானும் ஒரே பரீட்சை எழுதுவது எப்படிச் சமம்? அவளோ, “உனக்கென்ன, பி.சி. கோட்டா இருக்கிறது” என்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு ஏதோ தப்பு செய்தவள் மாதிரி இருந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– மாணவி, நகரி (பெயர் வெளியிடப்படவில்லை)

பதில்: முதலில் திருத்தணி விஷயம். அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. போகாதே, கண்ணு.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டில் அப்பாவையும் அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டு. ஆந்திராவில் மருத்துவக் கல்லூரி இடங்களை நிரப்பும்போது நீ எந்த மாவட்டத்துக்காரி, வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று பார்ப்பதில்லை. கடைசி நான்கு வருடம் எங்கே படித்தாய் என்றுதான் பார்ப்பார்கள். 1969இல் தெலங்கானாவிலும் 1972இல் ஆந்திரப் பகுதியிலும் பெரிய கிளர்ச்சிகள் நடந்தன. பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளின் இடங்களை முன்னேறிய பகுதிக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் அந்தச் சண்டைகளில் ஒரு காரணம். அதன் பிறகு 1973இல் அரசியல் சட்டத்தில் 371டி என்ற பிரிவு சேர்ந்தது. அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அந்த ஆணை மாநிலத்தைப் பல்கலைக்கழகங்களின் பெயரால் பகுதிகளாகப் பிரித்தது. பழைய சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்னூல், நெல்லூர் ஆகிய ஐந்து மாவட்டங்களும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி. 2022இல் பிரிந்த திருப்பதி மாவட்டமும் அதற்குள்தான் வருகிறது. இந்தப் பகுதியில் இருக்கும் கல்லூரிகளின் மாநில அரசு இடங்களில் 85 சதவீதம் இந்தப் பகுதியின் ‘லோக்கல்’ மாணவர்களுக்கு.

லோக்கல் யார்? தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகிற தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் இந்தப் பகுதியில் படித்தவர். உன் விஷயத்தில் ஒன்பது, பத்து, இன்டர் முதலாண்டு, இரண்டாம் ஆண்டு. இதில் இரண்டை நீ முடித்துவிட்டாய். மீதி இரண்டைத் திருத்தணியில் படித்தால் கணக்கு அறுந்துவிடும். விஜயவாடாவுக்கோ குண்டூருக்கோ போய் இன்டர் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கடைசி ஏழு வருடமும் மாநிலத்துக்குள்ளேயே படித்திருந்தால், அதில் எந்தப் பகுதியில் அதிக வருடம் படித்தார்களோ அந்தப் பகுதிக்கு அவர்கள் லோக்கல். மாநிலத்தை விட்டு வெளியே போனவர்களுக்கு அந்தக் கணக்கும் உதவாது. உன் பெற்றோர் பத்து வருடத்துக்கு மேல் ஆந்திராவில் குடியிருப்பதால் மீதி 15 சதவீதப் பொது இடங்களுக்கு நீ விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். 85 கதவுகளை மூடிவிட்டு 15 கதவுகளுக்கு முன்னால் போய் நிற்பதா?

சரி, தமிழ்நாடு? நீ கேள்விப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்மை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. நீ ஆறு முதல் பத்து வரை ஆந்திராவில் படித்துவிட்டாய். பொதுவான மாநில ஒதுக்கீட்டுக்குக்கூட ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பூர்வீகம் தமிழ்நாடு என்று இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். இரண்டுமே உன்னிடம் இல்லை. அத்தை வீட்டு முகவரி சான்று ஆகாது. ஆக இங்கேயும் லோக்கல் போய்விடும், அங்கேயும் இடம் இருக்காது. எல்லையோர ஊர்களில் இந்த ஒரு விஷயம் தெரியாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கவுன்சலிங் நேரத்தில் கையைப் பிசைகிற குடும்பங்களைப் பார்க்கிறபோது மனது பொறுப்பதில்லை.

திருத்தணி ஒரு காலத்தில் உங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாறியபோது அந்தப் பக்கம் போனது. ஒரே பேச்சு, ஒரே உறவு, ஒரே தறிச் சத்தம். ஆனாலும் நடுவில் இருக்கும் அந்தக் கோடு, ஒரு பிள்ளை டாக்டராகலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. இது எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. ஆனாலும் சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

சாதிச் சான்றுக்கும் இதே கதைதான். தெனாலியில் பிறந்து மகாராஷ்டிரத்துக்குக் குடிபோன ஒரு மாணவர், ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த தன் சமூகத்தைக் காட்டிப் பம்பாயில் எம்.பி.பி.எஸ். இடம் கேட்டார். 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் அடுத்த மாநிலத்துக்குக் கூடவே வராது என்று சொல்லிவிட்டது. உன் பி.சி. சான்றுக்கு ஆந்திராவில்தான் மதிப்பு. அதை இங்கேயே பயன்படுத்து.

அடுத்தது இங்கிலீஷ் மீடியம். உன் பயம் நியாயமானதுதான். பத்து வருடம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளைக்கு முதல் ஐந்தாறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கிலப் புத்தகங்களும் அப்படியே. 2025–26இலிருந்து ஆந்திர இன்டர் முதலாண்டுக்கே என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டம் வந்துவிட்டதால் கல்லூரிப் பாடமும் நீட் பாடமும் முன்னைப்போல் இரண்டு திசையில் இழுக்காது. ஒரு பாடத்தை எடுக்கும்போது முதலில் தமிழில் ஒரு தரம் படி, விஷயம் மனதில் நிற்கட்டும். அன்றைக்கே அதே பாடத்தை ஆங்கிலத்தில் படி. சிறுநீரகத்தில் நெஃப்ரான் எப்படி இரத்தத்தை வடிகட்டுகிறது என்பது தமிழில் புரிந்துவிட்டால், ஆங்கிலத்தில் நீ தேடப்போவது பெயர்களை மட்டும்தான். முதல் வருடம் கிறிஸ்துமஸ் லீவு வருவதற்குள் தமிழ்ப் புத்தகம் தானாகவே பின்னுக்குப் போகும். மருத்துவக் கல்லூரியில் எப்படியும் ஆங்கிலம்தான். அந்தக் கஷ்டத்தைப் பதினாறு வயதிலேயே பட்டுவிடுவது நல்லது.

நீட் வினாத்தாளைத் தமிழில் வாங்கலாம். ஆனால் வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்துத் தேர்வு மையங்களில்தான் கிடைக்கும். திருப்பதியில் மையம் கேட்டால் ஆங்கிலம், இந்தி, உருது, தெலுங்கு. தமிழ் வேண்டுமென்றால் திருவள்ளூர், வேலூர், சென்னை மாதிரி ஓர் ஊரை மையமாகக் கேட்க வேண்டும். பரீட்சை எழுதுவதற்கு எல்லை தாண்டினால் உன் லோக்கல் போகாது. படிப்பதற்குத் தாண்டினால்தான் போகும். அத்தை வீடு அன்றைக்கு ஒரு நாள் உதவட்டும். தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் முடிவு. அதனால் இரண்டு வருடம் கழித்து, எது உனக்குக் கை வருகிறது என்று பார்த்து முடிவு செய். விண்ணப்பிக்கும் வருடத்தின் தகவல் கையேட்டை ஒரு வரி விடாமல் படி. விதிகளை வருடா வருடம் மாற்றுகிறார்கள்.

எங்கே சேர்வது? வீட்டிலிருந்து போய் வருகிற அரசு ஜூனியர் கல்லூரி நல்லதுதான். விடுதியில் தங்க மனம் இருந்தால், பி.சி. நலத்துறையின் ஜோதிபா பூலே குருகுலங்களில் பைபிசி இருக்கும் இடத்தை விசாரி. சாப்பாடும் தங்கலும் அரசு பொறுப்பு. நம் பழைய ஐந்து மாவட்டத்துக்குள் எங்கே கிடைத்தாலும் போ.

இப்போது உன் தோழி. அவளும் நீயும் ஒரே பரீட்சை எழுதுவது சமமா என்று கேட்டிருக்கிறாய். சமம் இல்லை. இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. நீட் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நாலு, தப்பான விடைக்கு ஒன்று கழியும். மூன்று மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். இது அறிவைச் சோதிக்கிறது. அதோடு, இதே மாதிரிப் பரீட்சையை இதற்கு முன் எத்தனை தடவை எழுதிப் பழகியிருக்கிறாய் என்பதையும் சோதிக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் கோச்சிங் கல்லூரிகள் விற்கின்றன. ‘லாங் டெர்ம்’ என்று இன்டர் முடித்த பிறகு ஒரு வருடம், இரண்டு வருடம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே, அந்த வருடங்களுக்குச் சோறு போடுகிற வசதி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கை கூடுதல். 2025இல் இருபத்திரண்டு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள், 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம், அதில் பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தகுதி பெற்றும் அரசுக் கல்லூரி இடம் கிடைக்காத பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நடப்பது என்ன என்று பார். யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் தனியார் கல்லூரிக்குப் போகிறார். ஆந்திராவில் தனியார் மருத்துவக் கல்லூரி இடங்களில் பாதி, அரசே நிரப்பும் கன்வீனர் கோட்டா. அதற்கு வருடக் கட்டணம் ஆயிரங்களில். மீதிப் பாதி பி, சி பிரிவு. பி பிரிவுக்கே வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். சி பிரிவு என்.ஆர்.ஐ. இடம், அதற்கு இன்னும் பல மடங்கு. உன்னைவிட எவ்வளவோ பின்னால் ரேங்க் வாங்கியவர் அங்கே உட்கார்ந்து படிப்பார், டாக்டராக வெளியே வருவார். அவரைப் பார்த்து “நீ கோட்டாவில் வந்தவன்” என்று யாரும் சொல்வதில்லை. பணத்தால் வந்த இடத்துக்குக் கூச்சம் கிடையாது, சட்டத்தால் வந்த இடத்துக்கு மட்டும் கூச்சம் ஏன்?

உன் பி.சி. ஒதுக்கீட்டின் வரலாறு மருத்துவக் கல்லூரி வாசலிலேயே தொடங்குகிறது, அதுவும் சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில். அப்போது கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துத் தந்தது ஓர் அரசாணை. 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, ஹரிஜனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. மருத்துவ இடம் வேண்டிய செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ் மண்ணில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. இரண்டே மாதத்தில், அதே ஜூனில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி 15(4) பிரிவு வந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இன்றைக்கு ஆந்திராவில் பி.சி.க்கு ஏ முதல் இ வரை ஐந்து பிரிவாக 29 சதவீதம் கிடைக்கிறது என்றால் அந்தத் திருத்தம்தான் அடித்தளம். அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் வந்ததோ 2021இல்தான். அதற்கும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. உன் தாத்தா பாட்டி தலைமுறைக்குக் கல்லூரி வாசலே தெரியாது. அந்த இடம் உனக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. தலை நிமிர்ந்து எடுத்துக்கொள். தோழியோடு சண்டை போடாதே. அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

ஆனால் ஒதுக்கீட்டோடு சமத்துவம் முடிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரே பி.சி. பிரிவுக்குள் லட்சம் லட்சமாகச் செலவழித்துப் படித்த பிள்ளையும் இருக்கிறது, நீயும் இருக்கிறாய். இதைத்தான் தமிழ்நாடு ஒழுங்காகப் பார்த்தது. நீதிபதி கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அரசு 7.5 சதவீதமாக 2020இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து நானூறுக்கு மேல் இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

ஆந்திராவில் மருத்துவப் படிப்புக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆனால் இந்த யோசனை இந்த மாநிலத்துக்குப் புதிது இல்லை. இடுபுலபாயாவிலும் நூஜிவீட்டிலும் இருக்கும் ராஜீவ் காந்தி அறிவு நுட்பப் பல்கலைக்கழகம், ஜனங்கள் ‘ட்ரிபிள் ஐ.டி.’ என்று சொல்வது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோடு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிட்டு இடம் கொடுக்கிறது. வசதிக் குறைவில் படித்ததற்கான ஈடு அது. இன்ஜினியரிங்குக்குச் சரியென்று ஏற்றுக்கொண்டதை மருத்துவத்துக்கு மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நீ அடுத்த தடவை மேடை ஏறினால் இதைக் கேள். பேச்சுப் போட்டியில் பேசியதை நம்புகிறேனா என்று தெரியவில்லை என்கிறாய். சமத்துவம் ஏற்கெனவே வந்துவிட்டதாகப் பேசினால்தான் நம்ப முடியாமல் போகும். எது குறைகிறது, யார் அதைத் தர வேண்டும் என்று கேட்கிற பேச்சாக இருந்தால் நம்புவதற்குத் தடையே இல்லை.

சமமான கல்வி முடியும் என்பதற்கு உங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளியைச் சேர்ந்தவர்கள், சுற்றுக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் சின்னச் சின்னப் பள்ளிகளை வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளை எடுத்துப் படிக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, பிறகு தமிழ்நாடு முழுதும் பரவியது. சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்காகச் செய்த வேலை, ஒரு பெரிய மாநிலத்தின் அரசுப் பள்ளிகளுக்குப் பாடமானது. ஏழைக்குக் கொடுக்கிற கல்வியும் உயர்ந்ததாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே மதனப்பள்ளியில்தான் இப்போது ஒரு கவலையும் இருக்கிறது. ஆந்திரா முழுதும் 17 புது அரசு மருத்துவக் கல்லூரிகள் என்று திட்டமிட்டார்கள். 2023இல் முதல் ஐந்து திறந்தபோதே அவற்றில் பாதி இடங்களுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வைத்தார்கள். 2025 செப்டம்பரில், மதனப்பள்ளி உட்பட பத்துக் கல்லூரிகளைத் தனியார் பங்களிப்போடு நடத்துவது என்று அமைச்சரவை முடிவு செய்தது. அன்று கட்டணம் வைத்தவர்களும், பிறகு தனியாரைச் சேர்த்தவர்களும் தங்கள் தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: அரசுக் கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டு அதில் இடத்தை விற்றால், தறிக்காரர் மகளுக்கு அது இன்னொரு தனியார் கல்லூரி.

இனி உன் பாட்டிக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிதான். சர்க்கரை நோயாளியின் கால் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. முதலில் பாதத்தில் உணர்வு குறையும். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. சின்னக் கொப்புளம் வரும், வலிக்காது, வலிக்காததால் யாரும் பார்க்க மாட்டார்கள். இரத்த ஓட்டமும் குறைவாக இருக்கும், புண் ஆறாது. விரல் கறுத்த பிறகுதான் பஸ் ஏறுவார்கள். இதைத் தடுக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டால் போதும், யாருக்கு ஆபத்து என்று தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் செய்யலாம். வீட்டில் நீயே தினம் ராத்திரி பாட்டியின் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார். வெறுங்காலோடு நடக்க விடாதே. ஒரு விரலில் புண் வந்த காலுக்கு மறுபடியும் வருவது சாதாரணம். அடுத்த காலையும் சேர்த்துப் பார். நீ டாக்டராவதற்கு முன்பே செய்யக்கூடிய வைத்தியம் இது.

உன்னைப் போன்ற பிள்ளைகள் மருத்துவத்துக்கு வர வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? திருப்பதி ரூயாவின் ஓ.பி. வரிசையில் ஒரு காலை நேரம் நின்று பார். சத்தியவேடு, நாகலாபுரம், நகரிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா தமிழில் சொல்வாள். பீலேரிலிருந்து வந்த பெரியவர் தெலுங்கில் சொல்வார். இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை நின்று பாதியை விட்டுவிட்டு மீதியைச் சொல்லும். “எரிகிறது” என்று நோயாளி சொன்னது டாக்டரின் காதுக்கு “வலிக்கிறது” என்று போய்ச் சேரும். சர்க்கரைக் காலில் எரிச்சலும் வலியும் ஒன்றல்ல. இரண்டு பேச்சும் வீட்டுப் பேச்சாக உள்ள ஒரு டாக்டர் அங்கே உட்கார்ந்தால் மருந்துச் சீட்டே மாறும். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பதில் நோயாளிக்குத்தான் முதல் லாபம். சமமான கல்வி மாணவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

உன் கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டிய கல்லூரிகளைச் சொல்கிறேன். ரூயாவோடு சேர்ந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி 1960இல் தொடங்கியது, ராயலசீமாவின் பழைய பெரிய கல்லூரிகளில் ஒன்று. திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனை வளாகத்தில் பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2014இல் 150 இடங்களோடு ஆரம்பித்தார்கள். ஆந்திராவில் எல்லாப் பிரிவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்பது தனி. சித்தூரில் அப்போலோ, குப்பத்தில் பி.இ.எஸ். ஆகிய தனியார் கல்லூரிகளில் கன்வீனர் கோட்டா இடங்கள் உண்டு. அதை அலட்சியம் செய்யாதே. ரேங்க் வந்த பிறகு விஜயவாடாவில் இருக்கும் சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் இணைய கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது, ஊர் தூரம் என்று எதையும் விட்டுவிடாதே. நம் பகுதிக் கல்லூரிகளை எல்லாம் வரிசையாகப் போடு.

முதல் தடவை வராவிட்டால்? ஒரு வருடம் கூடுதலாக உட்காரலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மூன்றாவது, நாலாவது தடவை என்று இழுத்து, சாப்பிடாமல் தூங்காமல் கண்ணாடியில் முகம் பார்க்கவே பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஒரு பரீட்சைக்கு அவ்வளவு உரிமை கொடுக்கக் கூடாது. மனது கனக்கிற நாளில் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ வாய் விட்டுச் சொல். அதே நீட் மதிப்பெண்ணில் ஆயுர்வேதம் இருக்கிறது, திருப்பதி தேவஸ்தானமே ஆயுர்வேதக் கல்லூரி நடத்துகிறது. திருப்பதியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி இருக்கின்றன. பாட்டியின் காலைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர் ஒரு நல்ல நர்ஸாகவும் இருந்திருக்கலாம்.

படிப்பு முறை பற்றி ஒன்றே ஒன்று. உயிரியலில் 90 கேள்வி, 360 மதிப்பெண், அதாவது பாதி. தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகள் இயற்பியலைப் பார்த்துப் பயந்து அதிலேயே நாளைக் கழித்துவிட்டு, உயிரியலைத் “தெரிந்ததுதானே” என்று விட்டுவிடுகிறார்கள். நீ உயிரியலை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து ஒரு படம், ஓர் அட்டவணை, படத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து முதற்கொண்டு விடாமல் முடி. இயற்பியலைத் தினம் ஒரு மணி நேரம், கணக்குப் போட்டே படி, வெறுமனே வாசித்துக்கொண்டு போகாதே. பழைய வருடத்து நீட் வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு தசராவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒன்றை, கடிகாரம் வைத்து, முழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுது. உன் தோழி பணம் கொடுத்து வாங்குவதில் பாதி இதுதான்.

கடைசியாக, இந்த மாதமே செய்ய வேண்டிய வேலைகள். டி.சி. வாங்கப் பள்ளிக்குப் போகும் நாளில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடத்துக்கும் ஸ்டடி சர்டிபிகேட் கேட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கட்டும். தமிழிலிருந்து தெலுங்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது எல்லையோரப் பிள்ளைகளின் பெயர் மூன்று விதமாகிவிடுகிறது, கவுன்சலிங்கில் அதுதான் பெரிய தலைவலி. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் உங்கள் ஊர் சச்சிவாலயத்தில் இப்போதே மனு கொடு. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, மூலத்தை வீட்டில் ஒரே இடத்தில் வை. இன்டர் சேர்க்கை கடைசித் தேதிக்கு முன்னால் நகரியிலோ குருகுலத்திலோ சேர்ந்துவிடு.